பிள்ளையைத் தனியாக வளர்த்துக்கொண்டே கச்சேரிக்கும் போகலாம்: முழுமையான வழிகாட்டி

பிள்ளையைத் தனியாக வளர்ப்பவர்களிடம், "கொஞ்சம் வெளியே போய் வா, நாலு பேரைப் பார்த்தால் மனசு லேசாகும்" என்று சொல்ல நிறையப் பேர் உண்டு. அந்த மூன்று மணி நேரம் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். மணமுறிவோ, துணையின் மறைவோ, தொடக்கத்திலிருந்தே தனியாக வளர்க்க எடுத்த முடிவோ, காரணம் எதுவானாலும் நட்பு வட்டம் சுருங்கிப்போகும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். நான்கு முறை கூப்பிடுவார்கள், நான்கு முறையும் முடியாது என்போம், ஐந்தாவது முறை கூப்பிட மாட்டார்கள். யார் மேலும் தப்பில்லை.

திரும்பிப் போகப் பல வாசல்கள் உண்டு. நான் கச்சேரியைச் சொல்வதற்குக் காரணம், அங்கே பேச வேண்டிய கட்டாயம் இல்லை. விருந்துக்குப் போனால் முதல் ஐந்து நிமிடத்திலேயே விசாரிப்பு தொடங்கிவிடும். கச்சேரியில் எல்லாருடைய கண்ணும் மேடையில்தான் இருக்கும். நீங்கள் தனியாக வந்திருப்பதை யாரும் கவனிப்பதில்லை, அதே சமயம் நூறு பேருக்கு நடுவில்தான் இருக்கிறீர்கள். ராக், ஜாஸ், சாஸ்திரிய இசை, நாட்டுப்புறப் பாட்டு, கோரஸ், எதுவாக இருந்தாலும் சரி, ஆட்கள் நேரில் வாசிக்க, ஆட்கள் நேரில் கேட்டால் அதை இங்கே கச்சேரி என்றே சொல்கிறேன்.

வீட்டில் இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்டால் போதாதா? அதில் கொஞ்சம் கிடைக்கும், முழுக்கக் கிடைக்காது. சூரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், கேட்பவரின் மூளையில் உணர்ச்சியோடு தொடர்புள்ள அமிக்டாலா பகுதி, பதிவு செய்த இசையைவிட நேரடியாக வாசிக்கும் இசைக்கு வலுவாக வேலை செய்தது தெரியவந்தது. 2023-இல் வந்த இன்னொரு ஆய்வு, மேற்கத்திய சாஸ்திரியக் கச்சேரிகளில் அமர்ந்திருந்தவர்களின் இதயத் துடிப்பும் மூச்சின் வேகமும் ஒருவரோடொருவர் ஒத்துப்போவதைப் பதிவு செய்தது. பக்கத்து இருக்கைக்காரரிடம் ஒரு வார்த்தை பேசாமலேயே இது நடக்கிறது. பேசத் தெம்பில்லாத ஒருவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் எது?

1. முதலில் மாலையைப் பிடியுங்கள், டிக்கெட்டை அப்புறம் பார்க்கலாம்

வழக்கமாக என்ன செய்கிறோம்? பிடித்த பாடகர் வருகிறார் என்று தெரிந்தவுடன் ஆசைப்படுகிறோம், பிறகு பிள்ளைக்கு ஏற்பாடு தேடுகிறோம், கிடைக்காமல் விட்டுவிடுகிறோம். இரண்டு முறை இப்படி ஆனால் மூன்றாவது முறை ஆசைகூட வராது. வரிசையை மாற்றுங்கள். மாதத்தில் ஒரு மாலை, உதாரணத்துக்கு இரண்டாவது சனிக்கிழமை, உங்களுடையது என்று முதலில் குறித்துவிடுங்கள். அன்றைக்கு எங்கே என்ன நடக்கிறது என்பதை அதற்குப் பிறகு தேடலாம். எதுவுமே நடக்காவிட்டாலும் அந்த மாலையைக் கைவிடாதீர்கள். நண்பர் வீட்டுக்குப் போங்கள், நடந்துவிட்டு வாருங்கள். பிள்ளைக்கும் பார்த்துக்கொள்பவருக்கும் "இரண்டாவது சனிக்கிழமை" என்பது பழகிவிட்டால் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கெஞ்ச வேண்டியிருக்காது.

பிள்ளை சில நாள் உங்களிடமும் சில நாள் மற்ற பெற்றோரிடமும் இருக்கும் ஏற்பாடானால், உங்களுக்குக் காலியான இரவுகள் உண்டு. அங்கே சிக்கல் வேறு: அந்த இரவுகளில் துணி துவைப்பதும் தூங்குவதும்தான் நடக்கும். முழுப் பொறுப்பும் உங்களுடையது என்றால் காலியான இரவே கிடையாது, ஒவ்வொன்றையும் கேட்டு வாங்கியாக வேண்டும். இந்த இரண்டு நிலைமைகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, "அவங்க வாரம் தவறாமப் போறாங்களே, என்னால முடியலையே" என்று நொந்துகொள்வதில் பயனில்லை.

மறுநாள் காலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். இரவு பன்னிரண்டுக்கு வீடு திரும்பினாலும் சின்னப் பிள்ளை ஆறு மணிக்கு எழுந்துதான் தீரும். விடுமுறைக்கு முந்தைய இரவு, அல்லது காலையில் பிள்ளை வேறு இடத்தில் இருக்கப்போகும் இரவு, இவைதான் தோது.

2. பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது

இந்த வழிகாட்டியின் கனமான பகுதி இதுதான். இது சரியானால் மற்றதெல்லாம் தானாக நகரும்.

உறவினர் உண்டென்றால் நல்லது. ஆனால் உதவி கேட்கும்போது தெளிவாகக் கேளுங்கள். "எப்பவாவது பார்த்துக்கறீங்களா?" என்றால் எல்லாரும் சரி என்பார்கள், ஒன்றும் நடக்காது. "வர்ற சனிக்கிழமை ஆறரையிலிருந்து பதினொன்று வரைக்கும்" என்றால் சரி என்றோ முடியாது என்றோ நேரான பதில் கிடைக்கும். போகிற இடத்தையும் மறைக்காதீர்கள். ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டுக் கச்சேரிக்குப் போனால் அங்கே நிம்மதியாக உட்கார முடியாது. அடுத்த முறை இன்னொரு பொய் தேட வேண்டியும் வரும்.

சம்பளத்துக்கு ஆள் வைக்கிறவர்கள் கச்சேரியின் உண்மையான விலையைப் போட்டுப் பார்க்க வேண்டும். டிக்கெட், போக்குவரத்து, வீட்டுக் கதவிலிருந்து வீட்டுக் கதவு வரை ஆகும் மொத்த நேரத்துக்கான கூலி, மூன்றும் சேர்ந்ததுதான் விலை. அப்படிப் பார்த்தால், தொலைவில் நடக்கும் இலவசக் கச்சேரியைவிடப் பக்கத்துத் தெருவில் டிக்கெட் வைத்து நடப்பது மலிவாக முடியலாம்.

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு, முறை வைத்துப் பார்த்துக்கொள்வது. அதே நிலையில் உள்ள இன்னொரு பெற்றோர், அல்லது மூன்று நான்கு வீடுகள் சேர்ந்து, ஒருவர் பிள்ளையை இன்னொருவர் பார்த்துக்கொள்வார்கள். பணம் கைமாறாது, மணிக்கணக்கு மட்டும் குறித்து வைப்பார்கள். இதில் வரக்கூடிய சிக்கலுக்குப் பெயர்பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. 1970-களில் வாஷிங்டனின் கேபிடல் ஹில் பகுதியில் ஏராளமான குடும்பங்கள் சேர்ந்து இப்படி ஒரு கூட்டமைப்பு நடத்தின. பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் கூப்பன் கிடைக்கும், வெளியே போக அந்தக் கூப்பனைக் கொடுக்க வேண்டும். பின்னால் அவசரத்துக்கு வேண்டுமே என்று ஆளாளுக்குக் கூப்பனைச் சேர்த்து வைக்க ஆரம்பித்தார்கள். யாரும் வெளியே போகவில்லை. யாரும் போகாததால் மற்றவர்களுக்குக் கூப்பன் சம்பாதிக்கவும் வழியில்லை. கடைசியில் எல்லாருக்கும் கூடுதல் கூப்பன் கொடுத்த பிறகுதான் அமைப்பு மறுபடி ஓடியது. அங்கே உறுப்பினராக இருந்த ஸ்வீனி தம்பதி இதை 1977-இல் ஒரு பொருளாதார ஆய்விதழில் எழுதினார்கள். பணத் தட்டுப்பாட்டை விளக்கப் பொருளாதார அறிஞர்கள் இன்றும் இதைச் சொல்வார்கள்.

நமக்கு அதில் ஒரு பாடம் போதும். தொடக்கத்திலேயே ஒவ்வொருவருக்கும் ஐந்தாறு மணி நேரம் கடனாகக் கொடுத்துவிடுங்கள். சம்பாதித்த பிறகுதான் செலவழிக்கலாம் என்று வைத்தால், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் சேர்த்துக்கொண்டே இருப்பார்கள். நம் பழக்கமே அதுதானே.

புதிதாக ஒருவரிடம் விடுவதற்கு முன் ஒத்திகை பாருங்கள். முதலில் நீங்கள் வீட்டிலிருக்கும்போதே அவர் வந்து பிள்ளையோடு விளையாடட்டும். அடுத்த முறை ஒரு மணி நேரம் வெளியே போய்விட்டு வாருங்கள். மூன்றாவதாகக் கச்சேரி. ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டியவை: உங்கள் எண், இன்னொரு நெருங்கியவர் எண், மருத்துவர் எண், ஒவ்வாமை ஏதாவது இருந்தால் அது, மருந்து எதுவும் கொடுக்கலாமா கூடாதா, தூங்கவைக்கும் வரிசை. அந்த வரிசை நுணுக்கமாக இருக்கட்டும். பல் துலக்கிய பிறகு கதையா, கதைக்குப் பிறகா, விளக்கு எவ்வளவு வெளிச்சத்தில், கரடி பொம்மை எந்தப் பக்கம். பெரியவர்களுக்கு அற்பமாகத் தெரியும் இந்த விவரம் மாறினால்தான் ஒன்பது மணிக்கு அழுகை தொடங்கும்.

வாசலில் விடைபெறுவது தனிக் கலை. பிள்ளை பார்க்காத நேரத்தில் நழுவிப் போகாதீர்கள். அன்றைக்கு அழுகை தப்பும், ஆனால் அடுத்த வாரத்திலிருந்து நீங்கள் குளியலறைக்குப் போனாலும் பின்னாலேயே வரும். ஒரு வயதை ஒட்டிய மாதங்களில் பிரிவுப் பயம் உச்சத்தில் இருப்பது வளர்ச்சியின் இயல்பான பகுதி. அந்த வயதில் அழுகை வந்தால் ஏற்பாடு தவறு என்று பொருளில்லை. குனிந்து, பிள்ளையின் கண் மட்டத்துக்கு வந்து, எங்கே போகிறீர்கள், யார் கூட இருப்பார்கள், எப்போது வருவீர்கள் என்று மூன்று வரியில் சொல்லுங்கள். "பதினொரு மணிக்கு" என்றால் சின்னப் பிள்ளைக்குப் புரியாது. "நீ காலையில கண்ணு முழிக்கும்போது நான் பக்கத்துல இருப்பேன்" என்றால் புரியும். தூங்குவதற்குள் வந்துவிடுவேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள், தூங்காமல் காத்திருக்கும். சொன்னவுடன் கிளம்புங்கள். செருப்பை மாட்டிக்கொண்டு மூன்று முறை திரும்பி வந்து முத்தம் கொடுத்தால், ஏதோ பெரிய விஷயம் நடக்கிறது என்று பிள்ளைக்குச் சந்தேகம் வந்துவிடும்.

மூத்த பிள்ளையைத் தம்பி தங்கைக்கு நிரந்தரக் காவலாக ஆக்கிவிடாதீர்கள். கேட்டு, அவர்களுக்கும் வசதிப்படுகிற நாளாக, அதற்கு ஏதாவது கொடுத்துச் செய்யுங்கள். உங்கள் மாலைக்காக அவர்கள் மாலை போகக்கூடாது.

3. எந்தக் கச்சேரி

முதல் முறையே ஐம்பதாயிரம் பேர் கூடும் மைதானத்துக்குப் போவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். டிக்கெட் விலை, வண்டி நிறுத்தம், கூட்டம், நள்ளிரவில் வெளியே வரும் வரிசை எல்லாம் சேர்ந்து, ஒரே இரவில் ஆறு மாதத் தெம்பையும் பணத்தையும் தின்றுவிடும். அங்கே யாரையும் இரண்டாவது முறை பார்க்கவும் முடியாது. ஐம்பது முதல் இருநூறு பேர் கொள்ளும் சின்ன அரங்கம்தான் நமக்கு ஏற்றது. அதே முகங்கள் திரும்பத் திரும்ப வரும்.

எங்கே தேடுவது? இசைக் கல்லூரிகளில் மாணவர்கள் தேர்வுக்காகவும் பயிற்சிக்காகவும் வாசிக்கும் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் இலவசம், மாலையிலேயே முடிந்துவிடும், தரமும் எதிர்பார்ப்பதைவிட நன்றாக இருக்கும். நூலகம், அருங்காட்சியகம், பூங்கா ஆகியவற்றில் பகல் நேர நிகழ்ச்சிகள் உண்டு. சில இசைக்குழுக்கள் ஒத்திகையைப் பார்க்க அனுமதிக்கும். யார் வேண்டுமானாலும் மேடையேறலாம் என்று வைக்கும் ஓப்பன் மைக் இரவுகளில் இசை முன்பின்னாக இருக்கும், ஆனால் புதியவர்களிடம் பேச அதைவிடத் தோதான இடம் கிடைக்காது. சாங்கிக், பேண்ட்ஸ்இன்டவுன் போன்ற செயலிகளில் பிடித்த கலைஞர்களைக் குறித்து வைத்தால், பக்கத்தில் வரும்போது தகவல் வரும். ஜூன் 21-ஆம் தேதியையும் நினைவில் வையுங்கள். பிரான்சில் 1982-இல் தொடங்கிய ஃபெத் தெ லா மியூசிக் என்ற இசை நாள், இப்போது பல நாடுகளில் நூற்றுக்கணக்கான நகரங்களில் தெருவிலும் பூங்காவிலும் இலவசமாக நடக்கிறது. வெட்டவெளி, எப்போது வேண்டுமானாலும் வரலாம் போகலாம், பிள்ளையையும் கூட்டிப் போகலாம்.

டிக்கெட் எடுக்கும் முன் அரங்கத்துக்கு ஒரு போன் போட்டு மூன்று விஷயம் கேளுங்கள். முதலாவது, நேரம். கதவு திறக்கும் நேரம் வேறு, இசை தொடங்கும் நேரம் வேறு, முக்கியக் கலைஞர் மேடையேறும் நேரம் வேறு. ராக், பாப் நிகழ்ச்சிகளில் கதவு திறந்ததற்கும் முக்கியக் குழு வருவதற்கும் இடையே இரண்டு மணி நேரம்கூட ஓடிவிடும். அந்த இரண்டு மணி நேரமும் உங்கள் வீட்டில் யாரோ பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முக்கியக் குழு ஒன்பதுக்குத்தான் வரும் என்றால் எட்டே முக்காலுக்குப் போனால் போதும். இரண்டாவது, டிக்கெட்டை வேறொருவருக்கு மாற்ற முடியுமா. மூன்றாவது, நடுவில் வெளியே போனால் மறுபடி உள்ளே விடுவார்களா.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. முதல் கச்சேரிக்கு உங்கள் பழைய பாடல்களைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பதின்வயதிலும் இருபதுகளிலும் கேட்ட பாட்டுதான் மனதில் ஆழமாகப் பதிந்து, பழைய நினைவுகளை அதிகமாகக் கிளப்பும் என்பது நினைவாற்றல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த விஷயம். துணையோடு சேர்ந்து கேட்ட பாட்டின் முதல் வரியே உங்களை நிலைகுலைய வைக்கலாம். அழுவது தப்பில்லை. ஆனால் பல மாதம் கழித்துக் கிடைத்த ஒரே மாலை அதற்கு வேண்டாமே. வார்த்தையே இல்லாத வாத்திய இசை, அல்லது இதுவரை கேட்டிராத ஒரு வகை, முதல் இரண்டு மூன்று முறைக்குப் பாதுகாப்பானது. பழைய பாடல்கள் எங்கும் போய்விடாது.

4. தனியாகப் போகும் அந்த மாலை

கூட்டாளி கிடைத்தால்தான் போவேன் என்று வைத்தால், இரண்டு பேருடைய காலெண்டர் ஒத்துப்போக வேண்டும். தனியாகப் போகப் பழகிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

கடினமானது முதல் இருபது நிமிடம். கையை எங்கே வைப்பது என்றே தெரியாது. எல்லாரும் ஜோடியாகவும் கும்பலாகவும் இருப்பதாகத் தோன்றும், உடனே போனை எடுத்துக் குனிந்துகொள்வீர்கள். இசை தொடங்கும் நேரத்துக்கு ஒட்டிப் போனால் இந்த இருபது நிமிடம் ஐந்தாகக் குறையும். நிற்கும் இடம் என்றால் சவுண்ட் என்ஜினியர் மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். அவர் தன் காதுக்குக் கேட்பதை வைத்துத்தான் ஒலியைச் சரிசெய்கிறார், ஆகவே அரங்கத்திலேயே ஒலி நன்றாக இருக்கும் இடங்களில் அது ஒன்று. தனியாக வரும் இசைப் பைத்தியங்களும் அங்கேதான் கூடுவார்கள். உட்காரும் இடம் என்றால் வரிசையின் ஓர இருக்கை. எழுந்து போக முடியும் என்ற எண்ணமே பாதி நிம்மதி.

போன் விஷயம். தொந்தரவு வேண்டாம் என்ற முறையில் போட்டு, பிள்ளையோடு இருப்பவரின் எண்ணுக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுங்கள். ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் இந்த வசதி உண்டு, ஒரே எண்ணிலிருந்து அடுத்தடுத்து அழைத்தால் விடும்படியும் வைக்கலாம். சட்டைப்பையில் அதிர்வில் வையுங்கள், பையில் போட்டால் சத்தத்தில் தெரியாது. "அவசரம் என்றால் போன், மற்றதெல்லாம் செய்தி" என்று பார்த்துக்கொள்பவரிடம் முன்பே பேசிவையுங்கள். இடைவேளையில் ஒரு முறை பார்த்தால் போதும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை "தூங்கிட்டானா?" என்று கேட்டால் நீங்களும் கச்சேரியில் இல்லை, அவரும் நிம்மதியாக இல்லை.

திரும்பும் வழியைப் போகும்போதே முடிவு செய்யுங்கள். கடைசி வண்டி எத்தனை மணிக்கு, அதைவிட்டால் என்ன வழி, போனில் சார்ஜ் எவ்வளவு. கையிலுள்ள பானத்தை எங்கேயும் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

காது. இதைப் படிக்காமல் தாண்டாதீர்கள். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் வரம்பு, 85 டெசிபல் சத்தத்தில் நாளுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி, 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம். ஒலிபெருக்கி வைத்து நடக்கும் பல நிகழ்ச்சிகள் இந்த 100-ஐச் சாதாரணமாகத் தொடும். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இசை அரங்குகளுக்காக வெளியிட்ட தரநிலையும் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது, காதடைப்பான் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் அமைதியான ஓய்விடம் வேண்டும் என்றும் கேட்கிறது.

மஞ்சள் பஞ்சு போல இருக்கும் ஃபோம் காதடைப்பானைப் பலர் பாதிதான் சொருகுகிறார்கள், பிறகு வேலை செய்யவில்லை என்கிறார்கள். சுத்தமான விரல்களால் அதை மெல்லிய குச்சி மாதிரி சுருக்கம் விழாமல் உருட்டுங்கள். மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதின் மேல்பகுதியை மேலும் பின்னுமாக இழுங்கள், காதுத் துளை நேராகும். சட்டென்று உள்ளே விட்டு, அது விரியும் வரை விரலால் அரை நிமிடம் பிடித்திருங்கள். சரியாக உட்கார்ந்தால் உங்கள் குரலே உங்களுக்குள் ஆழமாக ஒலிக்கும். ஃபோமில் உயர்ந்த சுரங்கள் அதிகம் மங்கிவிடும். இசைக்காகவே செய்யப்பட்ட காதடைப்பான்கள் எல்லாச் சுரங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். அடிக்கடி போகிறவர்கள் அதை வாங்கிவிடுவது நல்லது. மறுநாள் காலை காதில் ரீங்காரம் இருந்தால், முந்தைய இரவின் சத்தம் உங்களுக்கு அதிகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

5. மனிதர்கள்

இசை கேட்டுத் திரும்புவது மட்டுமே போதும் என்றால் அதுவும் சரிதான். நட்பும் வேண்டும் என்றால் ஒரு கணக்கைப் பாருங்கள். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் செய்த ஆய்வின்படி, அறிமுகம் சாதாரண நட்பாக மாற ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டும், நல்ல நட்பாக 90 மணி, மிக நெருங்கிய நட்பாக 200-க்கும் மேல். மாதத்தில் ஒரு மாலை, அதில் மூன்று மணி நேரம் என்றால் 50 மணிக்கே ஒன்றரை ஆண்டு ஓடிவிடும். ஆகவே மாதா மாதம் புதுப்புது இடமாகப் போய்ப் புதுப்புது ஆட்களைப் பார்ப்பதில் நட்பு வளராது. ஒரே அரங்கம், ஒரே தொடர், ஒரே கிழமை. அதுதான் குறுக்கு வழி.

நெருக்கம் வரும் வரை என்ன? அதுவரை கிடைப்பதும் சின்ன விஷயமில்லை. டிக்கெட் கிழிப்பவர் "போன மாசம் காணோமே?" என்று கேட்பது, முன்வரிசைப் பெரியவர் தலையசைப்பது. இப்படி மேலோட்டமான பழக்கங்களோடு அதிகம் பேசும் நாட்களில் மக்கள் கூடுதல் மகிழ்ச்சியாக உணர்வதை 2014-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. வீட்டில் பெரியவர்களின் குரலே கேட்காத ஒருவருக்கு இதன் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பேச்சைத் தொடங்க இசையே போதும். "இவங்களை முன்னாடி கேட்டிருக்கீங்களா?" என்ற ஒரு கேள்வி இடைவேளையில் எல்லாரிடமும் வேலை செய்கிறது. பதில் ஒரு வார்த்தையில் முடிந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். பிள்ளை இருப்பதை மறைக்கவும் வேண்டாம், அதையே முதல் வாக்கியமாக விளக்கவும் வேண்டாம். "பத்தரைக்குக் கிளம்பணும், வீட்ல பொண்ணு இருக்கா" என்று போகிற போக்கில் சொன்னால் போதும். மீதிக் கதையை யாருக்கும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

கூச்சம் அதிகம் உள்ளவர்கள் தன்னார்வலராகச் சேரலாம். டிக்கெட் பார்ப்பது, நாற்காலி போடுவது, இருக்கை காட்டுவது. கைக்கு வேலை இருந்தால் வாய்க்குப் பேச்சு தானாக வரும், கச்சேரியும் இலவசம்.

இதைவிட வேகமான வழி, கேட்பதை விட்டுப் பாடப் போவது. 2015-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள், புதிதாகத் தொடங்கிய பாட்டு வகுப்புகளையும் கைவினை, எழுத்து வகுப்புகளையும் ஏழு மாதம் கவனித்தார்கள். முடிவில் எல்லா வகுப்புகளிலும் நெருக்கம் ஏற்பட்டிருந்தது. ஆனால் பாட்டு வகுப்பில் மட்டும் அது முதல் மாதத்திலேயே வேகமாக வந்துவிட்டது. குரல் நன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை, தேர்வு வைக்காமல் சேர்த்துக்கொள்ளும் கோரஸ் குழுக்கள் ஏராளம். வாரா வாரம் ஒத்திகை என்பதால் ஜெஃப்ரி ஹால் சொன்ன மணிக்கணக்கும் சீக்கிரம் சேரும். சில குழுக்களில் பிள்ளையை மூலையில் வரைய விட்டுவிட்டுப் பாடலாம், கேட்டுப் பாருங்கள்.

பழைய நண்பர்களை மறந்துவிடாதீர்கள். அவர்கள் கூப்பிடுவதை நிறுத்தியது பெரும்பாலும் சங்கடத்தால்தான். நீளமான விளக்கக் கடிதம் வேண்டாம், இப்படி ஒரு செய்தி போதும்: "ரொம்ப நாளா எதுக்கும் வர முடியல. இப்போ மாசத்துல ஒரு சனிக்கிழமை ஃப்ரீ. 14-ஆம் தேதி ஏழு மணிக்கு ஒரு ஜாஸ் நிகழ்ச்சி இருக்கு, வர்றியா? முடியலைன்னாலும் பரவாயில்ல, நான் போறேன்." தேதியும் நேரமும் இருக்கிறது, மறுக்கவும் சுலபம். கடைசி இரண்டு வார்த்தை முக்கியம். அவர் வந்தால்தான் நீங்கள் போவீர்கள் என்ற பாரம் அவர் மேல் இல்லை.

காதல், துணை தேடுவது பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆசையில்லை. நடந்தால் நடக்கட்டும். அதற்காகவே போகிறவர்களுக்கு இசை காதில் விழாது. அப்படி ஒருவர் வந்தாலும், உறவு நிலைபெறும் வரை பிள்ளைக்கு அறிமுகப்படுத்த அவசரம் வேண்டாம்.

6. பிள்ளையையும் கூட்டிப் போவதானால்

போகலாம், ஆனால் உங்கள் மாலைக்குப் பதிலாக அல்ல. அது தனிக் கணக்கு.

பகல் நேரம், வெட்டவெளி, முக்கால் மணி நேரம், இந்த மூன்றும் அமைந்தால் நல்லது. பிள்ளைகளுக்குக் காதுக்கு மேல் மாட்டும் இயர்மஃப் வாங்குங்கள். ஃபோம் காதடைப்பான் சின்னப் பிள்ளைக்குக் கூடாது, வாயில் போட்டுவிடும். இயர்மஃப்பைப் புறப்படும் அன்று முதல் முறையாக மாட்டினால் கழற்றி எறியும். ஒரு வாரம் முன்பே வீட்டில் விளையாட்டாக மாட்டிப் பழக்குங்கள். ஒலிபெருக்கியிலிருந்து விலகி நில்லுங்கள்: வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். முன்னால் போய் வாத்தியத்தைப் பார்க்க ஆசைப்பட்டால், நிகழ்ச்சி முடிந்து கலைஞர்கள் கட்டிவைக்கும் நேரத்தில் கூட்டிப் போங்கள். டிரம்ஸைக் கழற்றி உறையில் போடுவதைப் பார்ப்பது, பல பிள்ளைகளுக்குப் பாட்டைவிட சுவாரசியம்.

இரண்டாவது பாட்டிலேயே "வீட்டுக்குப் போலாம்" என்றால் போய்விடுங்கள். டிக்கெட் காசை நினைத்து இழுத்துப் பிடித்தால் அடுத்த முறை கிளம்பும்போதே தகராறுதான்.

7. திரும்பி வந்த பிறகு

மறுநாள் காலைக்கான துணி, பை, காலை உணவு எல்லாவற்றையும் கிளம்பும் முன்பே எடுத்து வைத்துவிடுங்கள். அரைத் தூக்கத்தில் காலுறை தேடும்போதுதான் "இதெல்லாம் நமக்குத் தேவையா" என்று தோன்றும்.

சில பேருக்கு வீடு திரும்பியதும் ஒரு வெறுமை வரும். அவ்வளவு சத்தத்துக்கும் வெளிச்சத்துக்கும் பிறகு இருட்டு வீடு, பகிர ஆளில்லை. அதற்கென்று ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் படித்தாலும் பரவாயில்லை என்று இரண்டு வரி அனுப்ப ஒரு தோழி, அண்ணன், யாராவது. ஆனால் கச்சேரி இருந்தாலும் இல்லாவிட்டாலும், நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்தே இருக்கிறது, எதிலும் ஆர்வமில்லை, இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே போகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். அதை இசையால் சரிசெய்ய முயலாதீர்கள்.

8. கிளம்பும் நேரத்தில் காய்ச்சல் வந்தால்

வரும். டிக்கெட் எடுத்த நாளாகப் பார்த்து வரும். அதனால் எல்லாவற்றையும் முன்கூட்டியே வாங்கி வைக்காதீர்கள். சின்ன அரங்குகளில் அதே வாரத்திலும் டிக்கெட் கிடைக்கும். பார்த்துக்கொள்ள வருபவருக்குக் கடைசி நேரத்தில் வேண்டாம் என்றால் பாதிக் கூலியாவது கொடுங்கள், முறை வைத்துப் பார்ப்பதானால் ஒரு மணி நேரத்தை அவர் கணக்கில் எழுதுங்கள். அப்போதுதான் அடுத்த முறை முகம் கோணாமல் வருவார்.

டிக்கெட் கையில் இருந்தால் அதை விற்க அலையாமல் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை செய்பவர், கோரஸில் பக்கத்தில் நிற்பவர், யாராக இருந்தாலும் சரி. காசு வேண்டாம், போய்விட்டு வந்து எப்படி இருந்தது என்று போனில் சொன்னால் போதும் என்று சொல்லுங்கள். அந்தப் பேச்சு பத்து நிமிடத்தைத் தாண்டினால், அடுத்த மாதம் யாரைக் கூப்பிடுவது என்ற கேள்விக்கு ஆள் கிடைத்தாயிற்று.